சூரைப் பற்றைக்கு இன்னும் நாலு மீற்றர்

பழம் தெரிகிறது.
கறுத்து மினுங்கி, ஆட்டுப் புழுக்கை அளவில்,
கொப்புக்குக் கொப்பு.
இருபத்திரண்டு வருசமாய் ஒருத்தரும் கை வைக்காத சூரை.
குருவி தின்றது போக மிச்சம்
கொட்டுண்டு, முளைத்து, தானும் காய்த்து,
எழுதுமட்டுவாள் வெட்டைக்குள்
பற்றை பற்றையாய் நடந்து போயிருக்கிறது.
அது நடக்கலாம்.
எனக்குத்தான் ஒரு நாளைக்கு ஒரு மீற்றர்.

முழங்காலில் இருக்கிறேன்.
முகத்துக்கு முன் கண்ணாடித்தட்டு, அதில் என் மூச்சு.
இடப்பக்கம் சிவப்புத் தலைக் குச்சி, வலப்பக்கமும்.
நடுவில், ஒரு மீற்றர் அகலத்தில்,
எனக்கென்று அளந்து தந்த உலகம்.
புல்லைக் கத்தரிப்பேன்.
கருவியை ஆட்டுவேன்.
கத்தாவிட்டால்
முன்தடியை ஒரு சாண் தள்ளி வைப்பேன்.

பக்கத்து ஓடையில் டிலக்சனா.
இருபத்தைந்து மீற்றர் இடைவெளி, கதைக்கக் கூடாது, சட்டம்.
விசில் ஊதினதும் ஹெல்மெற்றைக் கழற்றி அவள் சொல்லும் முதற் சொல்:
"உன்ர கடைக்கு இன்னும் எவ்வளவு?"
பற்றைக்குக் கடை என்று அவள்தான் பேர் வைத்தாள்.
"நாலு."
"உப்பும் தூளும் கொண்டு வரட்டோ?"
"புதன்கிழமை கொண்டு வா."

செவ்வாய் மழை. வேலை இல்லை.
புதன் காலமை இறங்கினேன்.
முன்தடிக்கு அப்பால், ஒரு சாணில்,
முந்தநாள் மட்டமாயிருந்த நிலம்
வீங்கியிருந்தது,
கைக்குழந்தையின் உச்சி மாதிரி.
சுற்றிவர மயிர்வெடிப்பு.

கருவி வைத்தேன். கத்தியது.

கையைத் தூக்கினேன். றெஜீபன் அண்ணை வந்து பார்த்து
"பின்னுக்கிருந்து கிண்டு, அவசரப்படாதை" என்று சொல்லிப் போனார்.
பின்னால் தொடங்கி, பக்கவாட்டில்,
கரண்டி கரண்டியாய் மண்ணை உரித்தேன்.
நாற்பது நிமிசம்.
மகனுக்குக் கணக்குக் கொப்பி வாங்க வேண்டுமென்று
இடையில் நினைத்தேன்.
பிறகு அதையும் நினைக்காமல் விட்டேன்.

மண் உதிர்ந்தது.
வெள்ளை.
பிளாஸ்ரிக் இல்லை. ஈரம்.
விளிம்பில் மெல்லிய மடிப்பு.
காளான்.
ஐந்து தலை, ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு.
அடியில்
பச்சை பிடித்த ரவைக் கோது ஒன்று.

கோதை வாளியில் போட்டேன்.
உலோகத் துண்டு, ஒன்று என்று எழுதிக்கொண்டார்கள்.
காளானுக்குப் படிவத்தில் இடமில்லை.

டிலக்சனா மணந்து பார்த்துத் தின்னலாம் என்றாள்.
"நஞ்செண்டால்?"
றெஜீபன் அண்ணை இரண்டடி பின்னுக்குப் போனார்.
பதினொரு வருசமாய்க் கண்ணிவெடிக்குப் பக்கத்தில்
சப்பாணி கட்டி இருந்து சோறு தின்கிற மனிசன்.
எங்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அன்றிரவு வெங்காயத்தோடு வதக்கினேன்.
நான் மட்டும் தின்றேன்.
மகனும் கேட்டான்.
முட்டை பொரித்துக் கொடுத்தேன்.

வெள்ளி பகல் பற்றையடி.
எட்டிப் பறிக்கலாமென்றே இவ்வளவு நாளும் இருந்தேன்.
ஆனால் பற்றையை வெட்டாமல் அதன் அடியைத் தேட ஏலாது.
தெரியாததல்ல.
தெரிந்ததை நாக்கு மறந்திருந்தது.
மேலிருந்து கீழே, கொப்புக் கொப்பாய்க் கத்தரித்து,
பழத்தோடு, குருவிக்கூட்டோடு,
பின்னால் கடத்தினேன்.
கொளுக்கி முள் கையுறைக்குள் ஏறி
விடமாட்டேன் என்றது.

விசிலுக்குப் பிறகு ஆறு பெண்கள்
கொப்புகளைச் சுற்றிக் குந்தியிருந்தோம்.
இரண்டு நாளாய்ப் பைக்குள் கிடந்த உப்பும் தூளும்
ஈரத்தில் கட்டிபட்டிருந்தது.
நகத்தால் சுரண்டித் தொட்டோம்.
முதலில் புளிப்பு. பிறகு பொட்டளவு இனிப்பு.
மிச்சமெல்லாம் கொட்டை.
மற்றவர்கள் துப்பினார்கள், துப்பரவாக்கின பக்கம்,
யாருடையதென்று இன்னும் தெரியாத காணிக்குள்.

நான் ஒரு கொட்டையை
கொடுப்புக்குள் ஒதுக்கி வைத்துக்கொண்டு
கண்ணாடித்தட்டை இறக்கினேன்.

பற்றை நின்ற இடம்.
நிலம் வீங்கியிருக்கவில்லை,
வெடிப்பில்லை, நல்ல மட்டம்.

கருவி வைத்தேன்.
கத்தியது.